அண்ணன் சொன்னதும் தங்கை பெயர்த்ததும்

சுரங்க ஊரில் அவளை எல்லோரும் 'ரெட்டை நாக்கு' என்றுதான் கூப்பிடுவார்கள். இரண்டு மொழி பேசுவதால் வந்த பெயர், அவளும் கோபித்துக்கொண்டதில்லை. துறைமுக அலுவலகத்தில் கப்பல்காரர்களோடு மல்லுக்கட்டியே அந்நிய மொழியைக் கற்றவள். மூடிக் கிடந்த செம்புச் சுரங்கத்தில் முதல் போட வெளிநாட்டுக் கம்பெனி வருகிறது என்றதும் சுரங்க நிர்வாகம் மொழிபெயர்க்க அவளைத்தான் அழைத்தது.

கம்பெனியிலிருந்து வந்த மூவரும் துருவித் துருவிக் கேட்டார்கள். பாறையில் எவ்வளவு செம்பு என்ற பேச்சு சீக்கிரமே முடிந்தது. வரி அடிக்கடி மாறுமா, மின்சாரம் நிற்குமா, தண்டவாளம் துறைமுகம்வரை தாங்குமா, தகராறு வந்தால் கோர்ட் எத்தனை வருஷம் இழுக்கும் என்பதற்கே மீதிப் பொழுது போயிற்று.

மறுநாள் ஊர்க்கூட்டம். அந்த மூவரும் வந்திருந்தார்கள். சுரங்கம் மூடும்வரை அங்கே பாறையில் துளை போட்டுக்கொண்டிருந்த அவளுடைய அண்ணன் எழுந்தான்.

"இன்னும் ஆழமாத் தோண்டினா எங்க கிணறெல்லாம் வத்திடும். அதுக்கு ஒரு வழி சொல்லாம ஆரம்பிச்சீங்கன்னா, ஒரு லாரிகூட ரோட்டுல போகாது."

சுரங்க மேனேஜர் அவள் பக்கம் சாய்ந்தார். "தண்ணி வசதி கேக்கறாங்கன்னு மட்டும் சொல்லும்மா. முழுசாச் சொன்னா பயந்து போயிடுவாங்க."

சுரங்கம் திறக்காவிட்டால் அண்ணனுக்கே வேலையில்லை. ஆனாலும் அவன் சொன்னதை மென்று விழுங்க மனம் வரவில்லை. லாரியை மறிப்பதுவரை ஒரு சொல் குறையாமல் சொன்னாள். மேனேஜர் முகத்தில் ஈயாடவில்லை.

மூவரில் மூத்த பெண்மணி, வேறொரு நாட்டில் தாங்கள் பட்ட பாட்டைச் சொன்னாள். அங்கே ஊரில் எல்லோருக்கும் சம்மதம் என்றே மொழிபெயர்த்தவர்கள் தங்கள் காதில் போட்டார்களாம். பாதிக் கட்டடம் எழும்பியபின் ஊரே திரண்டு வாசலில் உட்கார்ந்துவிட்டதாம். கோபம் முன்பே தெரிந்தால் அதற்கும் சேர்த்துத் திட்டம் போடலாமே என்றாள்.

பேச்சு கிணறுகள் பக்கம் திரும்பியது. யார் அளப்பது, கழிவுநீரைச் சுத்தம் செய்து எப்படித் திரும்பப் பயன்படுத்துவது என்று சாயங்காலம்வரை நீண்டது. அவளுக்குத் தொண்டை கட்டிக்கொண்டது.

மழைக்காலம் முடிந்து ஒப்பந்தம் கையெழுத்தானது. கிணற்று நீர் இறங்கினால் தோண்டுவதை நிறுத்த வேண்டும் என்பதும் அதில் இருந்தது. அன்று சுரங்கக் கேண்டீனில் அண்ணன் அகப்பட்டவர்களையெல்லாம் நிறுத்தி, தங்கையைக் காட்டினான்.

"நான் சொன்னதைவிட இவ நல்லாச் சொன்னா."

"உனக்குத்தான் அந்த மொழி தெரியாதே," என்றாள் அவள்.

"அவங்க மூஞ்சியப் பாத்தேனே. அது போதும்."

அவளுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. கேண்டீனைவிட்டுப் போகவும் மனமில்லை.