கிடாயின் ஈரல்

என் தாய்மாமனோடு வாதாடி ஜெயித்தவர்கள் எங்கள் தோட்டத்தில் யாருமில்லை. அவருக்கு விஷயம் தெரியும் என்பதால் அல்ல. எதிராளி சலித்துப்போகும்வரை அவர் விடமாட்டார் என்பதால். பாலோ என்ற ஊருக்கு அப்பால் இருந்த அந்த ரப்பர்த் தோட்டத்தில், கூலிக்காரர்கள் வரிசையாகக் குடியிருந்த லயத்தின் ஒரு வீட்டில் நாங்களும் மாமாவும், பலகைச் சுவருக்கு அந்தப் பக்கம் அத்தையும் அவள் புருஷனும் இருந்தோம். அத்தை அப்பாவோடு கூடப் பிறந்தவள் அல்ல. ஊரிலிருந்து ஒரே கப்பலில் வந்தவள் என்பதால் அப்பா அவளைத் தங்கச்சி என்பார். அதனால் எனக்கு அத்தை. பிள்ளை இல்லாதவள். என் தம்பி பாதி நேரம் அவள் இடுப்பில்தான் இருப்பான்.

தம்பிக்கு ஒருமுறை காய்ச்சல் கண்டு, பிழைப்பானா என்று கிடந்தபோது, முனியாண்டிக்குக் கிடா வெட்டுவதாக அம்மா வேண்டிக்கொண்டாள். காய்ச்சல் இறங்கியது. மாமா எங்கிருந்தோ ஒரு கறுப்புக் கிடாக்குட்டியைப் பிடித்துவந்து, வளர்க்கிற பொறுப்பைத் தன் தலையில் போட்டுக்கொண்டார். அதாவது, பால்வெட்டு முடிந்து வந்து மேய்த்தது அத்தை. மாமா யோசனை சொன்னார்.

அவருடைய முதல் யோசனை, கிடாயை மேட்டில் மேய்க்கக் கூடாது என்பது. ஆற்றோரம் பாயா என்று சொல்லும் சதுப்பு ஒன்று இருந்தது. கணுக்கால் தண்ணீரில் புல் பச்சைப்பசேலென்று நிற்கும். அங்கேதான் கட்ட வேண்டும் என்றார்.

"தண்ணி தேங்குற இடங்க. ஆட்டுக்கு ஈரம் ஆகாதுன்னு எங்க ஊர்ல சொல்லுவாங்க" என்றாள் அத்தை.

"ஆட்டப் பத்தி எனக்கே சொல்லித் தர்றியா?" என்று மாமா தொடங்கினார். அடுப்பில் சோறு குழைந்துபோகும் வரை பேசினார். அத்தை மறுநாளிலிருந்து பாயாவிலேயே கட்டினாள்.

சில மாதங்களில் கிடாயின் வயிறு பெருத்தது. தாடைக்குக் கீழே மெத்தென்று ஒரு பை தொங்கியது. மாமாவுக்குப் பெருமை தாங்கவில்லை. வருகிறவர் போகிறவரை எல்லாம் கூப்பிட்டு, அந்தப் பையை அமுக்கிப் பார்க்கச் சொல்வார். "பாத்தீங்களா, தாடையில கூட கொழுப்பு எறங்கிடுச்சு!"

"முதுகெலும்பு துருத்திக்கிட்டு இருக்கேடா" என்றாள் அம்மா.

"அது ஒசந்த சாதி ஆடுக்கா. அப்படித்தான் இருக்கும்."

அம்மா தலையில் அடித்துக்கொண்டு உள்ளே போனாள். அத்தை பாவம், அவர் மனம் கோணக்கூடாதே என்று, "ஆமாங்க, யானைக்குட்டி மாதிரித்தான் இருக்கு" என்று சொல்லிவைத்தாள். பேச்சை முடிக்கச் சொன்ன வார்த்தை அது.

பூசை நாள் வந்தது. மஞ்சள் தண்ணீர் ஊற்றியதும் கிடா உடம்பைச் சிலிர்க்க வேண்டும். அப்போதுதான் சாமி உத்தரவு கொடுத்ததாக அர்த்தம். ஊற்றினார்கள். அது தலையைத் தொங்கப்போட்டு நின்றது. இன்னொரு குடம் ஊற்றினார்கள். குடம்குடமாக ஊற்றிய பிறகு, பொறுமை இழந்த மாமா அதன் காதில் பலமாக ஊத, அது குளிரில் கொஞ்சம் நடுங்கியது. "உத்தரவு!" என்று அவரே கத்திவிட்டார்.

எங்கள் வழக்கப்படி ஈரலைச் சுட்டுத்தான் முதலில் சாமிக்குப் படைப்போம். மாமா வயிற்றைக் கிழித்ததும் கொழுப்பு வரவில்லை, தண்ணீர் வந்தது. ஈரல் இருக்க வேண்டிய இடத்தில், முண்டும் முடிச்சுமாக, வெளிறிப்போன ஏதோ ஒன்று இருந்தது. கத்தியை வைத்ததும் நறநறவென்றது. அறுத்த இடத்தில் தடித்த குழாய்கள் தெரிந்தன. அவற்றிலிருந்து, வேப்பிலை போலத் தட்டையாக, பழுப்பாக, உயிருள்ளவை நெளிந்து வந்தன.

அம்மா தம்பியைத் தூக்கி மார்போடு அணைத்துக்கொண்டாள். அவன் பேரில் விட்ட கிடா அது.

தன் வளர்ப்பில் குறை இருக்கலாம் என்ற எண்ணம் மாமாவுக்கு ஒருகணமும் வரவில்லை. "பாத்துப் பாத்து வளத்த கிடா! யானைக்குட்டின்னு கண்ணு வச்சது யாரு? தினம் மேய்ச்சது யாரு? பிள்ளை இல்லாத வயித்தெரிச்சல்ல செய்வினை வச்சிருக்கா!"

அத்தை பொங்கல் பானையைப் பிடித்தபடி அப்படியே நின்றாள். அவள் புருஷன் மாமாவின் சட்டையைப் பிடித்தார். அப்பா நடுவில் புகுந்து விலக்கினார்.

அன்று சாயங்காலமே தம்பிக்கு உடம்பு கொதித்தது. அவன் அழுகை பலகைச் சுவருக்கு அந்தப் பக்கம் கேட்டிருக்க வேண்டும். அத்தை ஒரு கிண்ணத்தில் பூண்டுக் கஞ்சியோடு வாசலில் வந்து நின்றாள். தம்பி அவளைப் பார்த்ததும் இரண்டு கைகளையும் நீட்டினான்.

"வேணாம். வயிறு சரியில்ல, குடிக்கமாட்டான்" என்றாள் அம்மா, வாசற்படியை மறித்துக்கொண்டு. அத்தை கிண்ணத்தோடு திரும்பிப் போனாள்.

மறுநாள் காலை மாமாவோடு தோட்டத்து ஆஸ்பத்திரிக்குப் போனோம். அப்பா அந்த ஈரலையும் வாழையிலையில் சுற்றி எடுத்துவந்தார். அங்கே மருந்து கொடுக்கும் டிரசர் ஐயா யாழ்ப்பாணத்துக்காரர், முன்கோபி. தம்பியின் கண்ணை விலக்கிப் பார்த்து, "திரும்பவும் மலேரியாதான்" என்று கொய்னா மாத்திரை கொடுத்தார். பிறகு இலையைப் பிரித்தார்.

"உது செய்வினையும் இல்லை, கண்ணூறும் இல்லை. ஈரல் புழு. பாயாவுக்குள்ள சின்ன நத்தை இருக்கெல்லே? புழுக்குஞ்சு அதுக்குள்ள வளந்து, வெளியில வந்து புல்லில ஒட்டிக்கொண்டிருக்கும். ஆடு புல்லைத் திண்டா, குடலைத் துளைச்சுக்கொண்டு ஈரலுக்குப் போயிடும். ஈரலைக் குடைஞ்சு, பித்தக் குழாய்க்குள்ள குடியிருந்து இரத்தத்தைக் குடிக்கும். ஈரல் கெட்டா உடம்பு வத்தும், வயித்திலயும் தாடையிலயும் நீர் கோக்கும்." அவர் மாமாவைப் பார்த்தார். "அந்த நீரைத்தானே கொழுப்பெண்டு ஊருக்கெல்லாம் காட்டிக்கொண்டு திரிஞ்சனீர்? ஆர் உம்மைப் பாயாவில கட்டச் சொன்னது?"

திரும்பி வரும் வழியில் மாமா எங்களுக்குப் பின்னால் வந்தார். பிறகு, "எனக்கு அந்த நத்தைங்க மேல அப்பவே ஒரு சந்தேகம்" என்றார். அப்பா நின்று அவரை ஒரு பார்வை பார்த்துவிட்டு, எங்களை விட்டு வேகமாக முன்னே நடந்துவிட்டார். அந்த வாரமெல்லாம் மாமா லயம் லயமாகப் போய் ஈரல் புழுவைப் பற்றி விளக்கினார், ஏதோ தானே கண்டுபிடித்தது போல. சுவருக்கு அந்தப் பக்கம் மட்டும் போகவில்லை.

எனக்கோ எல்லாம் தீர்ந்துவிட்டது என்று சந்தோஷம். இனி அத்தை முன்போல நெருப்பு வாங்க வருவாள், தம்பியைத் தூக்கிக்கொள்வாள் என்று காத்திருந்தேன். வரவில்லை. உலு திராம் பக்கம் ஒரு தோட்டத்தில் வேலை கிடைத்து அவர்கள் புறப்பட்டார்கள். பாலோ ரயிலடிக்குப் போக மாட்டுவண்டி வந்து நின்றது. மாமா யாரும் கேட்காமலே போய் அவர்களுடைய தகரப் பெட்டியைத் தூக்கி வண்டியில் வைத்தார். வைத்துவிட்டு ஒதுங்கி நின்றார்.

"புழுதான்னு டிரசர் ஐயா சொல்லிட்டாரே, அத்தே! அப்புறம் ஏன் போறீங்க?" என்று நான் கத்தினேன்.

அத்தை என் கன்னத்தைத் தொட்டாள். பேசியது அம்மாவிடம். "உங்க தம்பி பேசினது எனக்குப் பெரிசில்ல, அண்ணி. அவரு வாய் தெரிஞ்சதுதானே. புள்ள கை நீட்டுச்சு. நீங்க அந்தக் கஞ்சிய வாங்கலையே."

அம்மா இடுப்பிலிருந்த தம்பியை மறுபக்கம் மாற்றிக்கொண்டு, தரையைப் பார்த்தாள். வண்டி ரப்பர் மரங்களுக்குள் போய்விட்டது.

ஒரு கிண்ணம் கஞ்சிக்கா இவ்வளவு என்று எனக்கு எரிச்சலாக வந்தது. கேட்டிருந்தால் நானே குடித்திருப்பேனே! எல்லாவற்றுக்கும் காரணம் இந்த மனிதர்தான் என்று, வண்டிச் சத்தம் ஓய்ந்த பிறகும் மாமாவையே முறைத்துக்கொண்டு நின்றேன். அம்மாவின் முகத்தை நான் பார்க்கவே இல்லை.