கக்கூசுக்கு நிலை வைத்த கதை

கம்பத்தில் நான் கட்டிய முதல் வீட்டுக் கக்கூஸ், கதவு நிலை இல்லாமல் பாதியில் நின்றுபோனது. சுண்ணாம்பு இருந்தது, ஆள் இருந்தார்கள், நிலையும் செய்து முடித்துச் சுவரில் சாய்ந்திருந்தது. அதை எடுத்து நிறுத்தத்தான் ஆசாரி மாட்டேன் என்றுவிட்டார். இது யுத்தத்துக்கு முந்திய காலம். கொத்து வேலைக்குப் புதிதாக வரும் தம்பிகள், சாமான் தட்டுப்பாட்டால்தான் வேலை நிற்கும் என்று நினைக்கிறார்கள். என் அனுபவத்தில் மனுஷனால் நின்ற வேலைதான் அதிகம்.

வீடு சுப்பையா என்ற ஏலக்காய் வியாபாரியுடையது. மேகமலையில் எஸ்டேட் துரை பங்களாவுக்கு செப்டிக் டேங்க் கட்டியவன் என்று கேள்விப்பட்டு என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். அங்கே நான் கட்டியது டேங்கின் ஒரு பக்கச் சுவர். மிச்சத்தை வேடிக்கை பார்த்துக் கற்றுக்கொண்டேன். வேலை பேசப் போகிற இடத்தில் அதையெல்லாம் விளக்கிக்கொண்டிருக்க முடியுமா?

அவசரம் அவர் மகளால் வந்தது. செல்லத்தாயை மதுரையில் கட்டிக்கொடுத்திருந்தார்கள். தலைப்பிரசவம் தாய்வீட்டில் நடப்பதுதானே வழக்கம்? அந்தப் பெண்ணோ, பார்க்கப் போன அம்மாவிடம் முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டாளாம்: "வயித்தத் தள்ளிக்கிட்டு இருட்டுல வாய்க்காக் கரைக்கு என்னால போக முடியாதும்மா. இந்த வீட்டுல கக்கூஸு இருக்கு. நான் வரல."

அம்மா வேலம்மாள் எனக்கு மோர் கொடுக்கும்போதெல்லாம் இதையே சொல்லி மூக்கைச் சிந்துவார். "ஊருப் பிள்ளைகளுக்கெல்லாம் மருந்து உரசிக் குடுத்தவ நான், கொத்தனாரே. எம் பேரப்பிள்ளைக்கு வேற எவளோ உரசப் போறா." மோரைக் குடித்துவிட்டு வேகமாக வேலை பார்ப்பேன்.

அந்த வீட்டுக் கொல்லையில் கிழக்கோரம் கிணறு. மேற்கு மூலையில் குளிக்கிற ரூம். அந்த ரூமின் கிழக்குச் சுவரை ஒட்டித் துணி துவைக்கிற கல். நான் போட்ட திட்டப்படி, கல்லைப் பெயர்த்துக் கிணற்றடிக்குக் கொண்டுபோய், அது இருந்த இடத்தில் கக்கூஸ் எழுப்ப வேண்டும். டேங்க் மேற்கே மதிலுக்கு அந்தப் பக்கம், வாழைத் தோட்டத்தில். குழாய் மட்டும் குளிக்கிற ரூமைச் சுற்றிக்கொண்டு போகும். கல்லைப் பெயர்த்ததில் எனக்கு இடுப்புப் பிடித்துக்கொண்டது. ஆனாலும் சுவர் எழும்பிவிட்டது.

பீங்கான் கோப்பையை மதுரையில் வாங்கி வைக்கோலும் சாக்கும் சுற்றி, பஸ் மேலே போட மனசில்லாமல், சுப்பையா முதலாளி மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தாராம். பக்கத்து சீட்டுக்காரர் "சாமி வெக்கிரகமாங்க?" என்று கேட்டிருக்கிறார். வெட்கப்பட்டு இவர் "ஆமா" என்றுவிட்டார். அந்த மனுஷர் தேனி வரைக்கும் கால் படாமல் ஒதுங்கி உட்கார்ந்து, இறங்கும்போது கும்பிட்டுவிட்டுப் போனாராம்.

கோப்பை வந்தது. அடுத்து நிலை நிறுத்த வேண்டும். அங்கேதான் ஆரம்பித்தது சண்டை.

"மஞ்சக் குங்குமம் வச்சு, தேங்கா ஒடைக்காம நான் நிலை நிறுத்துனதில்ல மொதலாளி," என்றார் கருப்பையா ஆசாரி.

"யோவ், தலைவாசலாய்யா இது? கக்கூஸு! கக்கூசுக்குத் தேங்கா ஒடைச்சேன்னு தெரிஞ்சா, சந்தையில எவனாச்சும் என் ஏலக்காய மோந்து பாப்பானா?"

"மாட்டுக் கொட்டத்துக்கும் வச்சுத்தான் நிறுத்துனேன். நெலைன்னா நெலைதான். உள்ள என்ன நடக்குதுங்கிறது என் பாடு இல்ல. பஸ்ஸுல வந்த கோப்பைக்கே கும்புடு விழுந்திருக்கு, நான் எழைச்ச நெலைக்கு ஒரு பொட்டு விழக் கூடாதா?"

முதலாளி பேரம் பேசிப் பழகியவர். யோசித்துவிட்டு இறங்கி வந்தார். "சரி, மஞ்சள் மட்டும் வச்சுக்க. குங்குமம், தேங்கா கெடையாது."

"அப்ப ஒரு பக்கத்து நெலைக்கால மட்டும் நிறுத்திட்டுப் போறேன்," என்றார் ஆசாரி.

சின்னமனூரிலிருந்து வேறு ஓர் ஆசாரியை வரவழைத்தார்கள். அவர் விவரத்தைக் கேட்டார், சாப்பிட்டார், "அண்ணன் சொல்றது நாயந்தானே" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். நிலை நிற்காமல் நான் தளம் போட முடியாது. தளம் போடாமல் கோப்பையைப் பதிக்க முடியாது. சாய்ந்திருந்த நிலையின் மேல் கோழிகள் அடைய ஆரம்பித்தன. மதுரையிலோ வளைகாப்புக்கு நாள் குறித்துவிட்டார்கள்.

"நெலையே வேணாம். ஒரு சாக்கத் தொங்க விடுவோம்," என்றார் முதலாளி.

வேலம்மாள் கிணற்றடியில் துவைத்துக்கொண்டிருந்தார். கையிலிருந்த வேட்டியை ஓங்கிக் கல்லில் ஓர் அடி அடித்தார். வேட்டி முதலாளியுடையது.

"எம் மகளச் சாக்குக்குப் பின்னால உக்கார வைக்கப் போறீகளா?" என்று கேட்டுவிட்டு, விட்டுப்போன உளியை எடுக்க வந்திருந்த கருப்பையா ஆசாரி பக்கம் திரும்பினார். "ஆசாரியாரே, குளிக்கிற ரூமுக்குத் தேங்கா ஒடைச்சு நெல வைக்கலாமுல்ல?"

"தாராளமா வைக்கலாம் ஆத்தா."

"ஏங்க, குளிக்கிற ரூமுக்குத் தேங்கா ஒடைச்சா ஊரு சிரிக்குமா?"

"அதுக்கு எதுக்குச் சிரிக்கப் போறாய்ங்க?" என்றார் முதலாளி.

"அப்பப் புது ரூமுல குளிப்போம். பழைய ரூமக் கக்கூஸா ஆக்குங்க. அதுக்கு நெலையும் இருக்கு, கதவும் இருக்கு. எங்க மாமா காலத்துலயே தேங்காயும் ஒடைச்சாச்சு."

மூன்று ஆம்பிளைகளும் திரும்பிப் பழைய ரூமைப் பார்த்தோம். வேலம்மாள் நிறுத்தவில்லை. "இத்தன வருசமா அந்த மூலைக்குத் தண்ணி தூக்கித் தூக்கி எந் தோள்பட்டை எறங்கிப் போச்சு. புது ரூமு கெணத்துக்குப் பக்கம்."

நான் அளவுக் கயிறு பிடித்துப் பார்த்தேன். பழைய ரூமுக்கு நேர் பின்னால் டேங்க். குழாய் எதையும் சுற்ற வேண்டியதில்லை. கிணற்றுக்கும் கக்கூசுக்கும் தூரம் கூடுகிறது. எல்லாம் சரியாக இருந்தது, எனக்குக் கோபம்தான் வந்தது. இந்த யோசனை முதல் நாளே வந்திருந்தால் அத்தனை சண்டையும் மிச்சம். அதற்குப் பிறகு எந்த வீட்டுக்குப் போனாலும் கயிற்றை எடுக்குமுன், "இங்கன தண்ணி தூக்குறது யாரு?" என்று கேட்டு, அவரைக் கூட்டிவரச் சொல்லிவிடுவேன். தம்பிகளும் அப்படியே செய்யுங்கள். வீட்டுக்காரர் முகம் கொஞ்சம் சுருங்கும், பரவாயில்லை.

நிலை வைக்கிற அன்று முதலாளி தாராளமாகிவிட்டார். ஆசாரிக்கு வேட்டி துண்டு, வந்தவர்களுக்குப் பொங்கல். "குளிக்கிற ரூமு, குளிக்கிற ரூமு" என்று கேட்காதவர்களிடமும் சொன்னார். ஊருக்கு எல்லாம் தெரியும். ஒருத்தரும் சிரிக்கவில்லை. மறுநாளிலிருந்து அக்கம்பக்கத்துப் பெண்கள் கறிவேப்பிலை கேட்கிற சாக்கில் வந்து பழைய ரூமை எட்டிப் பார்த்துப் போனார்கள். அதில் இரண்டு வீட்டு வேலை எனக்குக் கிடைத்தது.

வளைகாப்பு முடிந்து செல்லத்தாயைக் கூட்டிவந்த அன்று நான் கிணற்றடியில் பூச்சு வேலையில் இருந்தேன். பஸ்ஸில் குலுங்கி வந்த பெண், கை நிறைய வளையலோடு நேராகக் கொல்லைக்குத்தான் வந்தாள். உள்ளே போய்க் கதவைத் தாழ் போட்டாள். வேலம்மாள் வாசலில் வாளியோடு நின்றார். முதலாளி வாழைமரத்தை ஆராய்ந்தார். நான் பூசிய இடத்தையே திரும்பப் பூசினேன். தண்ணீர் ஊற்றுகிற சத்தம் கேட்டது. வந்த தண்ணீர் தேங்காமல் குழாயில் இறங்குகிற சத்தமும் கேட்டது.

உள்ளேயிருந்து செல்லத்தாய் குரல் கொடுத்தாள்.

"அம்மா, தொட்டில எந்த உத்தரத்துல கட்டப் போற?"

வேலம்மாள் வாளியைக் கீழே வைத்துவிட்டு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். முதலாளி தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கண்ணைத் துடைத்தார். துடைத்துவிட்டு, கதவைப் பார்த்து ஒரு அதட்டல் போட்டார்:

"ஏ புள்ள, அத வெளிய வந்து கேட்டா என்னவாம்?"