பிரிட்ஜுக்குள் பாகல் விதை

சிங்கப்பூர் தேக்காவில் கடை வைத்து இத்தனை வருடமாக பிரிட்ஜ் பழுது பார்க்கிறேன். குளிர் நின்றால் மீனும் கோழியும் கெட்டுவிடும் என்றுதான் எல்லோரும் பதறுவார்கள். செங்காங் அடுக்குமாடி வீட்டில் என்னைக் கூப்பிட்ட பரமேஸ்வரி பதறியது விதைகளுக்காக.

கதவைத் திறந்தேன். மேலே பிரீசரில் ஐஸ் கல்லாக இருந்தது. கீழே அரைகுறைக் குளிர். தட்டு நிறைய வெண்டை, கத்தரி என்று பெயர் ஒட்டிய கண்ணாடி பாட்டில்கள். சோற்றுப் பானை வைக்க இடமில்லை.

"குட்டிப் பாகல் விதை இவ்வளவுதான் இருக்கு, அங்கிள். பிளாக்குக்குக் கீழ தோட்டத்துல இருந்த கொடியெல்லாம் அழுகிடுச்சு. இதுவும் போச்சுன்னா அவ்வளவுதான்."

அவர் கணவர் சேகர் ஒரு பாட்டில் மூடியில் கை வைத்தார்.

"திறக்காதீங்க! சில்லுன்னு இருக்கறப்ப திறந்தா உள்ள வேர்த்துடும்" என்றார் பரமேஸ்வரி.

சேகர் கையை எடுத்துக்கொண்டார். நான் குளிர்காற்றைத் தள்ளும் விசிறியைப் பார்த்தேன், நன்றாகத்தான் சுற்றியது. பாட்டில்களை நகர்த்தினேன். பின்சுவரில் குளிர்காற்று வரும் துவாரத்தை அவைதான் அடைத்திருந்தன.

"பாத்தியா! நான் அப்பவே சொன்னேன் லா. எல்லாத்தையும் வெளிய எடு" என்று சேகர் குதித்தார். பரமேஸ்வரி முகம் வாடியது. நம் ஊர் ஈரத்தில் சமையலறை அலமாரியில் வைத்தால் விதை பூசணம் பிடிக்கும். எனக்கே சங்கடமாகிவிட்டது.

கை கழுவிவிட்டு வரும்போதுதான் ஹாலில் அதைப் பார்த்தேன். கண்ணாடிக் கதவு போட்ட, ஈரத்தை இழுத்துவிடும் டிரை கேபினெட். உள்ளே கேமராவும் லென்ஸும் ராஜா மாதிரி உட்கார்ந்திருந்தன.

"இது யாரோடது?"

"என்னோடது அங்கிள். ஈரம் பட்டா லென்ஸ்ல பூசணம் வந்துடும்ல?" என்றார் சேகர் பெருமையாக.

"விதைக்கும் அதே தொல்லைதான் தம்பி. குளிரவிட ஈரமில்லாம இருக்கறதுதான் முக்கியம். இதுல ஒரு தட்டு விதைக்குக் குடுங்களேன்."

சேகர் பதில் சொல்வதற்குள் பரமேஸ்வரி கேபினெட்டில் ஒரு தட்டைக் காலி செய்யத் தொடங்கிவிட்டார்.

"அங்கிள், நீங்க பிரிட்ஜ் பாக்க வந்தீங்களா, என் குடும்பத்த பாக்க வந்தீங்களா?" என்றார் சேகர்.

இந்தத் தொழிலுக்கு வரும் பிள்ளைகளுக்கு ஒன்று சொல்வேன். தப்பு யாருடையது என்று கண்டுபிடித்ததும் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பாதீர்கள். அந்தப் பொருளை எங்கே வைப்பது என்று சொல்லிவிட்டுக் கிளம்புங்கள்.

சில மாதம் கழித்து சேகரே போன் செய்தார்.

"அங்கிள், அந்த விதையில வந்த பாகல் பழுத்துடுச்சு. விதை எடுத்துக் காய வச்சிருக்கோம். கேபினெட்ல ரெண்டாவது தட்டையும் நானே காலி பண்ணிட்டேன்."