மலாக்கி வீடு சேர்த்த கறுப்புப் பெட்டை

மலாக்கி ஹன்ராஹன் யாரையெல்லாம் ஜெயித்தான் என்று அவன் அக்கா அட்ராக்டா விரல் விட்டுச் சொல்வாள். கடைசி பெஞ்சில் உட்காரவைத்து மறந்துபோன பள்ளிக்கூடம். முப்பது வருடம் கூண்டு கழுவவைத்து, முழங்கால் போனதும் வெளியே தள்ளிய பந்தய நாய்ப் பண்ணைக்காரன். இரண்டு தடவை நிமோனியா. கடைசியாக, திருமதி டெலஹன்ட்டின் கமிட்டி.

"நிமோனியாவுக்காவது கொஞ்சம் மூளை இருந்துச்சு" என்பாள்.

அயர்லாந்தில் ரோஸ்க்ரே ஊர்ப் பக்கத்தில், பந்தயக்காரர்கள் கழித்துவிட்ட கிரேஹவுண்ட்களை வீடுகளுக்குப் பழக்குவது அந்தக் கமிட்டியின் வேலை. கூண்டில் வளர்ந்த பந்தய நாய் வேறு இன நாயையே பார்த்திருக்காது. குட்டை நாய் அதன் கண்ணுக்கு முயல். அதனால் சனிக்கிழமைகளில் தொண்டர்கள் தத்தம் வளர்ப்பு நாய்களோடு மைதானத்துக்கு வருவார்கள். நாய்க்கும் எஜமானிக்கும் ஒரே நிறத்தில் ஸ்வெட்டர், பிளாஸ்கில் சூப். நாய்க்கு மோப்பம் எட்ட, காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்க்கத் தெரிந்தவர் ஒருவரும் இல்லை. டெரியர் இனத்து மூன்று கால் குட்டை நாய் மாஸியோடு வரும் மலாக்கிக்கு அவர்கள் நம்பிக் கொடுத்த பொறுப்பு, நாய்ப்பீ அள்ளுவது.

அந்தச் சனிக்கிழமை பிட்டி என்ற கறுப்புப் பெட்டைக்குக் கடைசிச் சோதனை. தேறினால், வீட்டில் குட்டை நாய் வைத்திருக்கும் ஒரு குடும்பம் கையோடு அழைத்துப்போகக் காத்திருந்தது. தவறினால் பழைய பண்ணைக்காரனிடமே போகவேண்டும். அவன் அதை என்ன செய்வான் என்று மலாக்கிக்குத் தெரியும்.

டெலஹன்ட் தன் வெள்ளைப் பஞ்சுருண்டை நாயை நேருக்கு நேர் கொண்டுவந்து நிறுத்தி, ரப்பர் பொம்மையை அமுக்கினாள். கீச், கீச்.

"ஃபிரெண்டு வந்திருக்கா பாரு, தங்கம்!"

பிட்டி பாய்ந்தது. வாய்ப்பூட்டு இல்லாவிட்டால் பஞ்சுருண்டை பஞ்சாகப் பறந்திருக்கும்.

"பாத்தீங்களா? கொலைகார நாய்!"

"மேடம், பண்ணையில பொய் முயலைக் காட்டி வெறியேத்துறப்போ இதே சத்தத்தைத்தான் குடுப்பாங்க" என்றான் மலாக்கி. "பிடின்னு சொன்னீங்க, பிடிக்கப் போச்சு."

"நீ அள்ளுற வேலையைப் பாரு, மலாக்கி."

வேலிக்கு வெளியிலிருந்து அட்ராக்டா கத்தினாள்: "அள்ளுறவனுக்குத்தான் எது பீன்னு தெரியும், மேடம்!" யாரோ சிரித்து சூப்பைக் கொட்டிக்கொண்டார்.

மலாக்கி ஒரு கையில் பிட்டியையும் மறு கையில் மாஸியையும் பிடித்து நடந்தான். நேருக்கு நேர் காட்டவில்லை. இரண்டும் ஒரே திசை பார்த்து, அவனுக்கு இரு பக்கமும் நடந்தன. முதல் சுற்றில் வார் நீளத்துக்கு இடைவெளி, அடுத்ததில் பாதி. நான்காவது சுற்றில் பிட்டி மாஸியின் பின்புறத்தை மோந்துவிட்டுக் கொட்டாவி விட்டது. பஞ்சுருண்டை மட்டும் இன்னும் குரைத்துக்கொண்டிருந்தது.

"எங்களுக்கு இவதான் வேணும்" என்றார் அந்தக் குடும்பத்துத் தகப்பன்.

டெலஹன்ட் படிவத்தை நீட்டினாள். "பொறுப்பேத்துக்கிற தொண்டர் கையெழுத்துப் போடணும். நான் போடமாட்டேன். பெருக்கல் குறி செல்லாது, தெரியும்ல?"

மலாக்கி வாழ்நாள் முழுக்கக் கையெழுத்துக்குப் பதிலாகப் போட்டது அந்தக் குறிதான் என்று ஊருக்கே தெரியும். அட்ராக்டா வேலிக்குள் புகுந்தாள். "குடு, நான் போடுறேன்."

"நீ தொண்டர் இல்லையேக்கா. தள்ளு."

இரண்டு குளிர்காலமாக வியாழன்தோறும் மதுக்கடைக்குப் போகிறான் என்று அவள் வைதுகொண்டிருந்தாள். அவன் போனது நூலகத்து மாடியில் பெரியவர்களுக்கு எழுதப்படிக்கச் சொல்லித்தரும் வகுப்புக்கு. இப்போது நாக்கைக் கடித்துக்கொண்டு, ஓரெழுத்தும் விடாமல், முழுப் பெயரையும் எழுதினான். அதுவரை கமிட்டி முழுவதும் தூறலில் நின்றது. பெயருக்குக் கீழே தேதியையும் அவனே போட்டான்: 2019 மார்ச் 9.