காதர் பாய் கையெழுத்திடாத படிவம்

சேந்தமங்கலம் பஸ் நிலையத்தில் டீ குடித்துக்கொண்டிருந்தபோது இறப்புச் செய்தி போனில் வந்தது. "அத்தா மௌத்தாயிட்டாருங்க" என்றான் காதர் பாயின் மகன். அடுத்த வாரம் பார்க்க வருகிறேன் என்று நாலு வாரமாகச் சொல்லிக்கொண்டிருந்தவன் நான். என் மேலேயே எனக்குக் கோபம் வந்தது.

அவருடைய லேபில் பத்து வருடம் வேலை பார்த்தேன். குத்தியதே தெரியாமல் ரத்தம் எடுப்பார் என்பது அவரிடம் ரத்தம் கொடுத்த உங்களுக்கெல்லாம் தெரியும். தெரியாத ஒன்றைச் சொல்கிறேன்.

ஐந்தாறு வருடங்களுக்கு முன், ஒரு வெளிநாட்டு ஆய்வுக் குழுவுக்காக மலைமேல் இருக்கும் ஆலத்தூர் நாட்டு ஊர்களில் ரத்தம் சேகரித்தோம். படிவமெல்லாம் ஆங்கிலம். பாய் தமிழில் ஏதோ சொல்ல, நான் கைநாட்டு வாங்கினேன். மீன்காரரிடம் இரவல் வாங்கிய ஐஸ் பெட்டியோடு மலையிலிருந்து பஸ்ஸில் இறங்கும்போது, ஒரு வளைவில் பெட்டி உருண்டது. செல்லன் என்ற விவசாயியின் ரத்தக் குழாய் உடைந்துவிட்டது. அன்று மாலையே பார்சல் போயாக வேண்டும். பாய் தன் கையிலேயே ரத்தம் எடுத்து, செல்லனின் எண்ணை ஒட்டி அனுப்பிவிட்டார். நான் சிரித்தேன். எவ்வளவு பெரிய தப்பு என்று அப்போது உறைக்கவில்லை.

செல்லன் இறந்த பிறகு அவர் மனைவி வெள்ளையம்மா லேபுக்கு வந்தார். "ஏனுங்க பாய், ஆளே போயிட்டாரு. ரத்தம் மட்டும் எங்கியோ இருக்குதாமா. அதையும் அழிச்சுப்போடச் சொல்லுங்க" என்றார்.

பாய் எழுதாத ஆபீஸ் இல்லை. ஒரு நாட்டில், வேண்டாம் என்று சொல்லாதவரை சம்மதம்தானாம். இன்னொரு நாட்டில் ஒவ்வொரு ஆய்வுக்கும் திரும்பக் கேட்க வேண்டுமாம். நம் பக்கம் யாரிடம் கேட்பதென்றே யாருக்கும் தெரியவில்லை. "கேக்காம எடுத்தாத் திருட்டு. புரியாம தலையாட்ட வெச்சு எடுத்தா அதுக்கு என்னங்க பேரு?" என்று என்னிடம் கேட்பார்.

கடைசியில் ஒரு படிவம் வந்தது. அழிக்க வேண்டுமென்றால் ரத்தம் கொடுத்தவர் கையெழுத்திட வேண்டும், அவர் இல்லையென்றால் குடும்பத்தார். பாய் மலையேறிப் போய் வெள்ளையம்மாவிடம் உண்மையைச் சொல்லிவிட்டார். பக்கத்தில் தலைகுனிந்து நின்றேன்.

"அப்ப அது உங்க ரத்தமுங்க. நான் எப்படிங்க கைநாட்டு வெக்கிறது?" என்றார் அந்த அம்மா. பாயும் கையெழுத்திடவில்லை. படிவத்தில் இருந்தது செல்லன் பெயர்.

அடக்கம் முடிந்ததும் மகன் அந்தப் படிவத்தை என்னிடம் நீட்டி, இது என்னவென்று கேட்டான். உன் அத்தாவில் கொஞ்சம் இன்னும் எங்கோ ஒரு குளிர்பெட்டியில், வேறொருவர் பெயரில் இருக்கிறது என்று எப்படிச் சொல்வது? நான் வைத்துக்கொள்கிறேன் என்று மட்டும் சொன்னேன்.

பாயிடமிருந்து என்னிடம் இருப்பது அந்தப் படிவம்தான். ரத்தம் கொடுத்தவருக்குக் கையெழுத்திடுபவர் என்ன உறவு என்று ஒரு கட்டம் அதில் காலியாக இருக்கிறது. தினமும் எடுத்துப் பார்க்கிறேன், பேனா இல்லாமல்.