புத்தகத்தில் தேடிய மாப்பிள்ளை

அவுஸ்திரேலியாவின் மேற்கத்தியச் செவ்விசை வரலாற்றைப் பத்து வயதில் ஒரு பக்கம் விடாமல் புரட்டிய தமிழ்ப்பிள்ளை ரொறன்ரோவில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். மூன்று புத்தகங்கள். ஒன்றன்மேல் ஒன்று வைத்தால் எங்கள் வீட்டு இடியப்பத் தட்டு அடுக்கின் உயரம் வரும். எனக்குச் சங்கீதத்தில் அப்போதும் ஆர்வம் இருக்கவில்லை, இப்போதும் இல்லை. நான் படித்தது சித்திக்குப் பேசி வந்த மாப்பிள்ளை பொய்க்காரரா இல்லையா என்று கண்டுபிடிப்பதற்காக.

சித்தி அம்மாவின் கடைசித் தங்கை. ஸ்காபரோவில் எங்களுடைய இரண்டு அறை அப்பார்ட்மென்ரில் எங்களோடுதான் இருந்தார். மருந்துக்கடையில் வேலை. அம்மா விடியுமுன்னே பொதி கட்டும் தொழிற்சாலைக்குப் போய்விடுவார். அப்பா லொறி ஓட்டுபவர், வாரத்தில் பாதி நாள் அவரைக் காணக் கிடைக்காது. ஆகவே எனக்குத் தலை இழுத்துப் பின்னிவிட்டது, சாப்பாடு கட்டித் தந்தது, பள்ளிக்கூடக் கடிதங்களில் அம்மாவின் கையெழுத்தை அம்மாவைவிட வடிவாகப் போட்டது எல்லாம் சித்திதான். இரட்டைத் தட்டுக் கட்டிலில் அவர் கீழே, நான் மேலே. நான் கையைத் தொங்கப் போட்டால் அவர் என் விரலைப் பிடித்து ஒரு இழுவை இழுப்பார். அதற்குப் பிறகுதான் நான் நித்திரையாவேன்.

அவருக்கு அப்போது இருபத்தொன்பது. அந்த எண்ணை எங்கள் வீட்டில் காய்ச்சல் எத்தனை பாகை என்று சொல்வதுபோலத் தாழ்ந்த குரலில்தான் சொல்வார்கள்.

சம்பந்தம் வந்தது றிச்மண்ட் ஹில் கோயிலில் அம்மாவுக்குப் பழக்கமான ஒரு அன்ரி மூலம். அவருடைய அக்காவின் மகன் மெல்பேர்ணில் இருக்கிறார், முப்பத்திரண்டு வயது. பொருத்தம் பத்துக்கு எட்டு. ஊரும் பக்கத்து ஊர். ஒரு குறைதான், ஆள் செய்யும் வேலை. ஓகெஸ்ட்ராவில் வயோலா வாசிக்கிறாராம்.

"வயலின் எண்டு சொல்லுங்கோவன்" என்றார் அம்மா.

"இல்லையாம், அதிலும் பாக்கக் கொஞ்சம் பெரிசாம்" என்றார் அன்ரி.

சந்தேகம் அங்கேதான் தொடங்கியது. வாசிப்பதே வாசிக்கிறார், நாலு பேருக்குப் பேர் தெரிந்த வாத்தியமாக ஏன் வாசிக்கவில்லை என்பது அம்மாவின் கேள்வி. பிறகு படம் வந்தது. கறுப்புக் கோட், வெள்ளைச் சேட், கழுத்தில் வண்ணாத்திப்பூச்சி மாதிரி ஒரு கறுப்பு முடிச்சு, பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு பெரிய காதுகள். அந்தப் படத்தை மாமாவிடம் கொடுத்தார்கள்.

மாமா அம்மாவுக்கும் சித்திக்கும் அண்ணன். ரொறன்ரோவுக்குப் பக்கத்தில் அஜக்ஸில் இருந்துகொண்டு, வீடு வாங்கி விற்றுக் கொடுக்கும் ஏஜென்ற் வேலை பார்த்தார். எந்த வீட்டுக்குப் போனாலும் நேரே பேஸ்மென்ருக்கு இறங்கி மூலைக்கு மூலை மோந்து பார்க்கிறவர். சுவருக்குப் புதுப் பெயின்ற் அடித்திருந்தால், எதை மறைக்கிறான் என்றுதான் அவருக்கு முதலில் தோன்றும். படத்தைத் தூரப் பிடித்தும் கிட்டப் பிடித்தும் பார்த்தார்.

"உது வெயிற்றர் உடுப்பு" என்றார். "நான் வந்த புதிசில பார்ட்டி ஹோலில உதைத்தானே போட்டுக்கொண்டு ட்ரே தூக்கினனான். கழுத்துப் பூச்சிகூட உதேதான்."

அதற்குப் பிறகு விசாரணை. எங்கள் ஆட்கள் கலியாணம் பேசினால் உலகம் முழுவதும் தொலைபேசி அடிக்கும். மாமாவோடு படித்தவரின் மச்சான் மெல்பேர்ணில் இருந்தார், அவருக்குத் தெரிந்த நாலு குடும்பத்தையும் விசாரித்தாயிற்று. பெடியன் கோயிலுக்கு வருவதில்லை. சங்கத்துக் கலைவிழாவில் ஒருநாளும் வாசித்ததில்லை. ஒரு அரங்கேற்றத்திலும் பக்கத்தில் இருந்து வாசித்ததை யாரும் காணவில்லை. வாத்தியக்காரன் என்றால் எங்கள் சனம் அவனைச் சும்மா விட்டுவைக்குமா என்று மாமா கேட்டார். அவர் வாசிக்கிற இடத்துக்கு அந்த நாலு குடும்பத்தில் ஒன்றாவது எப்போதாவது போனதா என்று யாரும் கேட்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் சித்தி அவரோடு கொம்பியூட்டரில் முகம் பார்த்துக் கதைப்பார். அறைக் கதவு பாதி திறந்திருக்க வேண்டும், நான் கட்டிலில் இருக்க வேண்டும் என்பது அம்மாவின் சட்டம். அவர் ஸ்நோவைப் பற்றிக் கேட்பார், மருந்துக்கடைக்கு வரும் ஆட்களைப் பற்றிக் கேட்பார். ஒருநாள் அந்த வயோலாவை எடுத்துத் தோளில் வைத்துக் கொஞ்ச நேரம் வாசித்தார். நான் போய்ச் சொன்னதும், "பின்னால சீடி ஓடியிருக்கும். கையை ஆட்டுறது பெரிய வேலையோ?" என்றார் மாமா.

நான் மாமாவிடம் சொல்லாத ஒன்றும் இருந்தது. அவர் வாசித்து முடியும்வரை சித்தி நாடியைக் கையில் தாங்கிக்கொண்டு திரையைப் பார்த்தபடி இருந்தார். நான் மேலேயிருந்து கையைத் தொங்கப் போட்டேன். அவர் காணவில்லை. அன்றைக்கு எனக்கும் சந்தேகம் பிடித்துக்கொண்டது. மற்றவர்களுக்கு மாப்பிள்ளை பொய்யானவரோ என்று சந்தேகம், எனக்கு அவர் உண்மையானவரோ என்று.

கடைசியில் மாமா ஒரு வழி கண்டுபிடித்தார். வெள்ளைக்காரன் எல்லாவற்றையும் எழுதி வைப்பான், உண்மையில் வாசிக்கிறவன் என்றால் புத்தகத்தில் பேர் இருக்கும் என்பது அவர் கணக்கு. நூலக அட்டை எங்கள் வீட்டில் என்னிடம் மட்டும்தான் இருந்தது. மாமா என் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய், அவுஸ்திரேலியச் சங்கீதக்காரரின் சரித்திரம் எல்லாம் வேண்டும் என்று கேட்டார். மேசைக்குப் பின்னால் இருந்த பெண் கண்ணாடிக்கு மேலால் என்னைப் பார்த்தார். "ஸ்கூல் புரொஜெக்ட்" என்றார் மாமா, கொஞ்சமும் கூசாமல். ஒரு பொய்க்காரரைப் பிடிக்க எங்கள் பக்கத்தில் சொன்ன முதல் பொய் அது. நான் சொன்னது பிறகு.

இரண்டு வாரத்தில் மூன்று புத்தகங்களும் வேறு வேறு கிளைகளில் இருந்து வந்து சேர்ந்தன. அந்த ஞாயிறு எல்லோரும் வரவேற்பறையில் கூடினோம். மாமா ஒவ்வொன்றின் கடைசிப் பக்கங்களிலும் இருந்த பெயர்ப் பட்டியலை விரல் வைத்துத் தேடினார். பெடியனின் பெயரில் தேடினார், தகப்பனின் பெயரில் தேடினார். இல்லை.

சித்தி தேத்தண்ணியோடு வந்தார். "அண்ணை, உது முக்கால்வாசி செத்த ஆக்களின்ரை கதை. அவருக்கு முப்பத்திரண்டு வயசு."

"அப்ப உள்ளுக்கை எங்கையாவது இருக்கோ எண்டு பாப்பம்" என்றார் மாமா. "மருமோள் வாசிப்பாள்."

சித்தி மறுப்பார் என்றுதான் நினைத்தேன். அவரோ உடனேயே, "ஓம், அவள் பாக்கட்டும். அவள் பொய் சொல்லமாட்டாள்" என்றார்.

அப்பாவும் ஒப்புக்கொண்டார். பேர் இருந்தால் கலியாணத்தை ஒப்பேற்றுவது, இல்லையென்றால் இத்தோடு விடுவது, பிள்ளை சொல்வதுதான் முடிவு. எனக்குத் தலைகால் தெரியவில்லை. பள்ளிக்கூடத்தில் வரிசைக்குத் தலைமை தாங்கக்கூட என்னை யாரும் விட்டதில்லை.

ஒரு கிழமை படித்தேன். முதல் புத்தகத்தில் தாடிக்காரர்கள் பியானோவைக் கப்பலில் இருந்து இறக்கி மாட்டுவண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். இரண்டாவதில் பெரிய தொப்பி போட்ட பாட்டுக்காரிகள் கப்பலேறி இலண்டனுக்குப் போனார்கள். அந்த நாட்டில் கொஞ்சம் நன்றாக வாசித்தால் போதும், உடனே பெட்டியைக் கட்டிக்கொண்டு புறப்பட்டுவிடுகிறார்கள். துறைமுகத்தில் சொந்தக்காரர் கைக்குட்டை ஆட்டுகிறார்கள். அதற்குப் பிறகு அந்தச் சொந்தக்காரருக்கு என்ன நடந்தது என்று புத்தகத்தில் ஒரு வரி இல்லை. எனக்கு அதுதான் பெரிய குறையாகப் பட்டது. போன ஆளைப் பற்றியே பக்கம் பக்கமாக எழுதியிருந்தார்கள்.

மூன்றாவது புத்தகம் ஓகெஸ்ட்ராக்களைப் பற்றியது, வழுவழுப்பான தாள், நிறையப் படங்கள். வெள்ளிக்கிழமை பின்னேரம், பாணும் மாஜரினும் தின்றுகொண்டு, இளைஞர் ஓகெஸ்ட்ரா ஒன்றின் படத்துக்கு வந்தேன். இடப்பக்கம் முழுவதும் படம். மூன்றாவது வரிசையில் எல்லா வெள்ளை முகங்களுக்கும் நடுவில் மெலிந்த கறுத்த பெடியன் ஒருவன், பதினாறு பதினேழு வயதிருக்கும். பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு பெரிய காதுகள். கழுத்தில் அதே பூச்சி. படத்துக்குக் கீழே மிகச் சின்ன எழுத்தில் பெயர்கள். அவருடைய முதல் எழுத்தும், மாமா ஒன்றரை மாதமாகத் தொலைபேசியில் உச்சரித்துக்கொண்டிருந்த தகப்பனின் பெயரும் அங்கே இருந்தன. சந்தேகத்துக்கு இடமே இல்லை.

புத்தகத்தை மூடினேன். நான் யோசித்ததெல்லாம் திங்கட்கிழமை காலையில் எனக்கு யார் தலை இழுப்பார்கள் என்பதைத்தான். அதைத் தாண்டி எதையும் யோசிக்கவில்லை. இப்போது எழுத வெட்கமாக இருக்கிறது, ஆனால் அதுதான் உண்மை.

சனிக்கிழமை நானே நடந்து போய், நூலக வாசலில் புத்தகம் திருப்பிப் போடும் துவாரத்துக்குள் மூன்றாவது புத்தகத்தைத் தள்ளிவிட்டேன். அது உள்ளே விழுந்த சத்தம் கேட்கும்வரை நின்றேன். யாராவது கேட்டால் தவணை முடிந்துவிட்டது என்று சொல்ல ஆயத்தமாக இருந்தேன். யாரும் கேட்கவில்லை. முன்பின் கண்டிராத மனிதரை மூன்று கண்டத்துக்குத் தொலைபேசி எடுத்து விசாரித்தவர்கள், என்னை ஒரு சொல் விசாரிக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை நான், "எல்லா பேஜும் பாத்திட்டன், இல்லை" என்றேன். மாமா தொடையில் தட்டி, "நான் அப்பவே சொன்னனான்" என்றார். அம்மா பெருமூச்சு விட்டார்.

கேட்டது சித்தி மட்டும்தான். "எல்லாப் பக்கமும் பாத்தனியோ?" என்று அந்த இடத்திலேயே கேட்டார். ஓம் என்றேன்.

திங்கட்கிழமை தலை இழுக்கும்போது மறுபடி கேட்டார். "படங்களுக்குக் கீழ சின்ன எழுத்தில இருக்கும். அதுகளும் வாசிச்சனியோ, குஞ்சு?"

என்னைச் சந்தேகப்படுகிறார் என்று நினைத்தேன். "ஓம், அதுவும்தான்" என்று கொஞ்சம் கோபமாகவே சொன்னேன்.

புதன்கிழமை மூன்றாம் முறை. வேலைக்குப் போகச் சப்பாத்துப் போட்டவர், திரும்ப வந்து எனக்கு முன்னால் குந்திக்கொண்டு இருந்தார். "மாமா இண்டைக்கு அவையளோட கதைக்கப்போறார். நீ ஏதாவது மறந்துபோய்ச் சொல்லாமல் விட்டிருந்தால் இப்ப சொல்லு. ஒருத்தரும் பேசமாட்டினம்."

நான் அவர் கண்ணைப் பார்த்து, "இல்லை, சித்தி" என்றேன். அசையாமல் நின்று பொய் சொல்ல எனக்கு வரும் என்று அன்றைக்குத்தான் கண்டுகொண்டேன். அவர் என் கழுத்துப் பட்டியைச் சரிசெய்துவிட்டுப் போனார்.

அன்று பின்னேரம் மாமா தொலைபேசி எடுத்து, சாத்திரியார் திரும்பப் பார்த்ததில் பொருத்தம் சரிவரவில்லை என்று சொன்னார். பத்துக்கு எட்டு ஒரே நாளில் பத்துக்கு மூன்றாகிவிட்டது. சித்தி குசினியில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தார். கழுவி முடித்த கோப்பைகளை எடுத்துத் திரும்பவும் கழுவினார். அவருக்கு அலுப்பு என்று நினைத்துக்கொண்டேன்.

அதன்பின் மூன்று வருடம் அவர் எங்களோடு இருந்தார். பிறகு அஜக்ஸில் இருக்கும் ஒருவரைக் கட்டினார், நல்ல மனிதர், கொம்பியூட்டர் வேலை, மாமாவே பேஸ்மென்ர் மோந்து எடுத்துக் கொடுத்த வீடு. கலியாண வீட்டில் நான் சிரித்துக்கொண்டு பூத்தட்டுத் தூக்கினேன். அதற்குள் எனக்குப் பதின்மூன்று வயதாகிவிட்டது, தலையை நானே இழுக்கப் பழகியிருந்தேன்.

போன மாரியில் அவருடைய மகனின் பிறந்தநாளுக்கு ரோல்ஸ் சுற்ற உதவிக்குப் போனேன். நாங்கள் இரண்டு பேரும்தான் குசினியில். எனக்கு இப்போது வயது முப்பதை நெருங்குகிறது, காய்ச்சல் அளவு சொல்லும் குரல் என்பக்கம் திரும்பிவிட்டது. எங்கிருந்து துணிவு வந்ததோ தெரியாது, மூன்றாவது புத்தகத்தையும் படத்தையும் துவாரத்தையும் பற்றி எல்லாவற்றையும் சொல்லி முடித்தேன்.

சித்தி ஒரு ரோலைச் சுற்றி ஓரத்தை மாப்பசை தொட்டு ஒட்டினார். "இடப்பக்கத்துப் படம். மூண்டாவது வரிசை" என்றார். "புத்தகம் வந்த அண்டைக்கே நான் பாத்திட்டன்."

"பிறகேன் சித்தி சொல்லேல்லை?"

"நான் சொன்னால், அவனில விருப்பத்தில சொல்லுறாள் எண்டுவினம். அண்ணைக்கும் அத்தானுக்கும் முன்னால நான் படத்தைக் காட்டி, எனக்கு இவரைத்தான் வேணும் எண்டு நிக்கிறதோ? பிள்ளை சொன்னால் நம்புவினம் எண்டு நினைச்சன்." அடுத்த ரோலை எடுத்தார். "நீ இல்லையெண்டு சொன்னாப் பிறகு, பத்து வயசுப் பிள்ளையை எல்லாருக்கும் முன்னால பொய்க்காரி ஆக்கிப்போட்டு எனக்கு என்ன கலியாணம்?"

குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் நான் கொஞ்சம் ஆறியிருப்பேன்.

அவர் அந்தக் கிழமை மூன்று முறை என்னிடம் கேட்டார். மூன்று முறையும் என்மேல் சந்தேகப்படுகிறார் என்றே நினைத்தேன். எங்கள் வீட்டில் நான் கேட்டு வளர்ந்த கேள்விகள் எல்லாம் அப்படிப்பட்டவைதான். அவர் என்னிடம் கெஞ்சிக்கொண்டிருந்தார் என்பது எனக்குத் தெரியவில்லை.