பழைய குளியலறையில் மட்டும் ஆடாத மேசை

தண்ணீர் மீட்டர் பார்க்க வந்தவர் எங்கள் வீட்டுப் பின்கதவு வழியாக எட்டிப் பார்த்துவிட்டு என்னிடம் ஒரு கேள்வி கேட்டார்.

"ஏம்மா, நீங்க எல்லாரும் எதுக்குப் பாத்ரூம்ல உக்காந்து சாப்பிடுறீங்க?"

என்னால் பதில் சொல்ல முடியவில்லை. வாய் நிறையச் சாப்பாடு இருந்தது ஒரு காரணம். எங்கிருந்து ஆரம்பிப்பது என்று தெரியாதது பெரிய காரணம். அவர் சுவரில் இருந்த ஷவரையும் அதற்கு நேர் கீழே தட்டோடு உட்கார்ந்திருந்த அப்பாவையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுப் போய்விட்டார். எனக்குப் பள்ளிக்கூடம் முடிந்துவிட்டது. அடுத்து என்ன என்று இன்னும் முடிவாகவில்லை. கை சும்மா இருக்க மாட்டேன் என்கிறது. அதனால் அந்தப் பதிலை இங்கே எழுதுகிறேன்.

அப்பா மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறார். கண்ணைச் சோதிப்பது வேறொருவர். கண்ணாடியை முகத்தில் உட்கார வைப்பதுதான் அப்பாவின் வேலை. ஃபிரேமைச் சூடாக்கி, இந்தப் பக்கம் ஒரு மயிரிழை, அந்தப் பக்கம் ஒரு மயிரிழை என்று வளைத்துக்கொண்டே இருப்பார்.

"உலகத்துல யாருக்குமே ரெண்டு காதும் ஒரே உயரத்துல கிடையாது பாப்பா. காதை ஏத்தி இறக்க முடியுமா? கண்ணாடியைக் கோணலாக்கினாத்தான் மூஞ்சில நேரா நிக்கும்" என்பார். எங்கள் வீட்டில் நடந்த எல்லாவற்றுக்கும் இந்த வாக்கியமே காரணம்.

கல்யாணத்துக்கு முன்னால் அப்பாவுக்கு மரவேலைப் பித்து இருந்ததாம். நான் பிறந்ததும் ரம்பம், உளி, இழைப்புளி எல்லாம் ஒரு சாக்கில் கட்டிலுக்கடியில் போய்விட்டன. போன வருஷம் வீட்டுக்குள்ளேயே புதுக் குளியலறை கட்டினோம். பின்பக்கம் இருந்த பழையது காலியானது. அங்கே கடைசியாகக் குளித்தவர் அப்பா. ஈரத் தலையோடு வெளியே வந்தார், குழாயை இறுக்கி மூடினார், சாக்கை அவிழ்த்தார்.

முதல் சில வாரங்கள் பார்க்கவே பாவமாக இருந்தது. பென்சில் கோடு ஒரு பக்கம் போகும், ரம்பம் ஒரு பக்கம் போகும். கை மறந்துவிட்டது என்று கையையே திட்டினார். மோசமாக அறுத்த துண்டுகளைத் தூக்கிப் போடாமல் வரிசையாக ஜன்னலில் வைத்தார். பிறகு கோட்டின்மேல் போகாமல் கோட்டை ஒட்டி அறுக்க வேண்டும் என்பது நினைவுக்கு வந்தது. இழைப்புளி தடுக்கினால் பலகையைத் திருப்பிப் போட்டு எதிர்ப்பக்கத்திலிருந்து தள்ள வேண்டும் என்பதும் வந்தது. சுருள் சுருளாக மரச்சீவல் விழ ஆரம்பித்த அன்று ஒரு சீவலைக் காதில் மாட்டிக்கொண்டே கடைக்குப் போய்விட்டார்.

அப்புறம் செய்து தள்ளினார். மரத்தை வைத்து அறுக்க ஒரு பெஞ்சு. பெஞ்சில் கிடந்த கருவிகளை வைக்க ஒரு பெட்டி. பெட்டியை வைக்க ஒரு அலமாரி. அலமாரியின் மேல்தட்டு எட்டாததால் ஒரு முக்காலி. முக்காலியை மாட்டிவைக்கச் சுவரில் ஒரு கொக்கிப்பலகை.

அம்மா கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். வீட்டிலும் பக்கத்தில் யாரோ ஸ்டியரிங் பிடித்துக்கொண்டிருப்பதுபோலத்தான் பேசுவார். ஒரு நாள் உள்ளே வந்து எல்லாவற்றையும் சுற்றிப் பார்த்தார்.

"ஏங்க, கொஞ்சம் பிரேக் போடுங்க. மரத்துக்கு மரத்தாலயே குடித்தனம் வெச்சுக் குடுத்திருக்கீங்க. இந்த வீட்டுல மனுஷங்களும் இருக்கோம்."

"கத்துக்கிட்டு இருக்கேன்" என்றார் அப்பா.

"கத்துக்கறவங்களை நான் தினமும் பாக்குறேன். அவங்களும் ஒரு நாள் ரோட்டுக்கு வந்துதான் ஆகணும். மீன்காரர் இந்த ரூமைக் கேட்டுட்டே இருக்காரு."

மீன்காரர் என்பது பக்கத்து வீட்டுக்காரர். அலங்கார மீன் வளர்க்கிறார். அவர் வீட்டில் மீன் தொட்டி போக மிச்ச இடத்தில்தான் அவரே படுக்கிறார். தண்ணீர் தானாக வடியும் அறை என்றால் அவருக்கு உயிர்.

"ஞாயித்துக்கிழமைக்குள்ள நாங்க உக்காந்து சாப்பிடுற மாதிரி ஆடாத மேசை ஒண்ணு வேணும். இல்லைனா ரூம் மீனுக்கு" என்றார் அம்மா.

ஹாலில் இருந்த பிளாஸ்டிக் மேசை ஒரு கால் விரிசல் விட்டுச் சுவரோடு சாய்ந்து கிடந்தது. அதனால் அம்மா கேட்டதில் நியாயம் இருந்தது. ஆனால் அப்பாவின் முகம் வெளிறிவிட்டது. அந்த அறை போனால் சாக்கு மறுபடி கட்டிலுக்கடியில்தான். இந்தத் தடவை அது வெளியே வராது என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

அந்த வாரம் அவர் செய்த வேலையைக் குறை சொல்லவே முடியாது. பலகைகளை ஒட்டி, இழைத்து, கண்ணாடி மாதிரித் தேய்த்தார். கால்களை மாட்டி நிறுத்தினார். மேசை ஆடியது. அறைத் தரை தண்ணீர் வடிவதற்காக நாலு பக்கமும் நாலு விதமாகச் சரிந்து மூலையில் இருந்த ஓட்டைக்குப் போகிறது. இன்னொருவராக இருந்தால் தரையைத் திட்டியிருப்பார். அப்பா தரையைப் பார்த்துப் புன்னகைத்தார்.

"இதுக்கும் காது ஒரே உயரத்துல இல்ல, அவ்வளவுதான்."

கால்களுக்கடியில் ஆப்புகளைச் சொருகி, ரசமட்டத்தில் காற்றுக்குமிழ் நடுவுக்கு வரும்வரை மேல்பலகையை நேராக்கினார். பிறகு ஒரு மரக்கட்டையின்மேல் பென்சிலைப் படுக்க வைத்து, அதைத் தரையோடு தரையாக நகர்த்தி ஒவ்வொரு காலையும் சுற்றிக் கோடு போட்டார். கோட்டை ஒட்டி அறுத்தார். ஒவ்வொரு காலும் ஒவ்வொரு நீளம். ஓட்டைப் பக்கத்துக் கால் எல்லாவற்றையும்விட நீட்டு. நிறுத்தியபோது மேசை தரையில் முளைத்ததுபோல நின்றது.

ஞாயிற்றுக்கிழமை அம்மா வந்து நாலு மூலையிலும் முழங்கையை ஊன்றிப் பார்த்தார். அசையவில்லை. ஒரு டம்ளரில் தளும்பத் தளும்பத் தண்ணீர் ஊற்றி வைத்து மேசையைத் தட்டினார். ஒரு சொட்டு சிந்தவில்லை.

"நல்லாத்தாங்க இருக்கு" என்றார். அம்மா அப்படிச் சொல்வது பெரிய விஷயம். அப்பா என்னைப் பார்த்துக் கண்ணடித்தார். ஆளுக்கொரு பக்கம் பிடித்து மேசையை ஹாலுக்குத் தூக்கிக்கொண்டு போனோம்.

ஹாலில் இறக்கினோம். மேசை குதித்தது. இந்தப் பக்கம் அமுக்கினால் அந்தப் பக்கம் எழுந்தது, அந்தப் பக்கம் அமுக்கினால் என் தாடையில் இடித்தது. திருப்பிப் போட்டோம். இன்னும் மோசமானது. அப்பா குனிந்து தரையில் கன்னத்தை வைத்துப் பார்த்தார். எழுந்து நின்று, யாரோ இறந்த செய்தி சொல்வதுபோல மெதுவாகச் சொன்னார்.

"இந்தத் தரை நேரா இருக்கு."

அதே நேரத்தில் வாசலில் மீன்காரர், காலித் தொட்டி ஒன்றை இடுப்பில் வைத்துக்கொண்டு. "அக்கா, ரூம் என்ன ஆச்சு?"

"நீட்டா இருக்குற காலை அறுத்துட்டா?" என்றார் அம்மா.

"ஒருத்தர் மூஞ்சிக்கு வளைச்சதைத் திரும்ப இன்னொருத்தருக்கு வளைச்சா ஒடிஞ்சுடும். அறுத்தா இங்க நிக்கும்னு என்ன நிச்சயம்? அங்க நிக்கறதும் போயிடும்." அப்பா மேசைக்காலை இறுகப் பிடித்துக்கொண்டார். பிறகு மூச்சை இழுத்துக்கொண்டு, "நீ கேட்டது உக்காந்து சாப்பிடுற மாதிரி ஆடாத மேசை. அது இருக்கு. எங்க உக்காந்துன்னு நீ சொல்லவே இல்லையே."

"பாயிண்டு!" என்றார் மீன்காரர், தன் அறை போகிறது என்பதை மறந்து.

சொன்ன விதியை நடுவழியில் மாற்றுபவர்களை அம்மாவுக்குப் பிடிக்காது. தானே அந்த ஆளாகிவிடக் கூடாதே என்று யோசிப்பது முகத்தில் தெரிந்தது.

"ஏய், தட்டை எல்லாம் எடுத்துட்டு வா" என்றார் என்னிடம்.

பழைய குளியலறையில் மேசையைப் பழைய இடத்தில் நிறுத்தினோம். பெஞ்சையும் அலமாரியையும் வெளியே தள்ளிய பிறகுதான் நாங்கள் உள்ளே போக முடிந்தது. நாலு பேரும் சாப்பிட்டோம். நாலாவது, மீன்காரர். தொட்டி அவர் மடியிலேயே இருந்தது.

"அப்போ அண்ணே, ஹால் சும்மாதானே கிடக்கு?" என்றார் அவர் கடைசி வாயில்.

"சும்மா இல்ல. வெளிய தள்ளின சாமானை எல்லாம் மழையிலயா போடுறது? ஹால்ல போடுங்க" என்றார் அம்மா. அப்பா மெல்லுவதை நிறுத்திவிட்டார். பாத்ரூமைக் காப்பாற்றப் போனவருக்கு ஹாலே கிடைத்துவிட்டது.

இப்போது அவர் அங்கே நாற்காலிகள் செய்கிறார். முதல் நாற்காலியை ஹாலின் நேரான தரையில் நேராகச் செய்தார். சாப்பாட்டு இடத்துக்குக் கொண்டுபோனதும் அது நொண்டியது. அடுத்ததிலிருந்து கால்களைக் கொஞ்சம் நீளமாக விட்டுவைத்து, போடப்போகும் இடத்தில் நிறுத்திக் கோடு போட்டு அறுக்கிறார். அது எந்த இடமோ அங்கே மட்டும்தான் அந்த நாற்காலி நிற்கும். அம்மா மஞ்சள் பெயின்ட் வாங்கிவந்து தரையில் ஒவ்வொரு நாற்காலிக்கும் கார் நிறுத்தும் கட்டம் போட்டுவிட்டார். கோட்டை மிதித்து உட்கார்ந்தால், "எடுத்துட்டுத் திரும்பப் போடு" என்கிறார். டிவியில் மரத்தூள் படிந்து எல்லாரும் மாநிறமாகத் தெரிகிறார்கள். யாரும் துடைப்பதில்லை.

மீட்டர்காரர் பார்த்ததைத் தெரு முழுக்கச் சொல்லியிருக்கிறார். மீன்காரர் ஹாலில் பார்த்ததும் அதோடு சேர்ந்துகொள்ள, எங்கள் மேசை ஆடும் மேசை என்று பேச்சு. அப்பாவுக்கு அதுதான் தாங்கவில்லை. பாத்ரூமில் சாப்பிடுகிறோம் என்று சொல்லுங்கள், அது உண்மை. மேசை ஆடுகிறது என்று யாராவது சொன்னால் மட்டும் இதை அவர்களுக்கு முழுதாகச் சொல்லுங்கள், அவர்களையும் நாலு பேருக்குச் சொல்லச் சொல்லுங்கள். உங்களுக்குத் தெரிந்த யாராவது கையில் ரம்பத்தோடு மேசைக்காலுக்கு முன்னால் நின்றால், அவரிடம் இன்னும் சீக்கிரமாகச் சொல்லிவிடுங்கள்.